புது பிசிக்கு எந்த எஸ்எஸ்டி? பெட்டி மேல இருக்குற பெரிய நம்பர நம்பி வாங்கிடாதீங்க

திண்டுக்கல்ல இருக்குற சித்தி பையன் ஒரு வருஷமா காசு சேத்து வச்சு இப்பதான் புதுசா பிசி அசெம்பிள் பண்றான். போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்ல வரிசையா நாலு லிங்க் வந்து விழுந்துச்சு. நாலும் எஸ்எஸ்டி, அதாவது விண்டோஸ், ஃபைல் எல்லாம் சேத்து வைக்கிற சிப்பு டிரைவ், நாலும் 1 டிபி, ஆயிரம் ஜிபி. ஒண்ணுல 560, ஒண்ணுல 3500, ஒண்ணுல 7300, கடைசில 14000னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. கீழ ஒரே கேள்வி, "அண்ணே, பதினாலாயிரம் தானே பெஸ்ட்டு? காசு கொஞ்சம் இடிக்குது, கிராபிக்ஸ் கார்டுல கொறச்சுக்கவா?"

உடனே போன போட்டு, டேய் எதையும் ஆர்டர் பண்ணித் தொலைச்சிடாதன்னு சொல்லிட்டு முக்கா மணி நேரம் பேசுனேன். இதே கேள்விய வருஷத்துக்கு நாலு பேராவது கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பேச எனக்குத் தொண்டை இல்ல, அதான் எழுதி வச்சிடலாம்னு.

மொதல்ல அந்த நம்பர் என்னன்னு பாத்துடுவோம். 3500, 7300ங்கறது ஒரு செகண்டுக்கு எத்தனை எம்பி படிக்கும்ங்கறது. ஆனா அது ஒரே பெரிய ஃபைல அடுக்கி வச்ச மாதிரி வரிசையா படிக்கிறப்ப வர்ற வேகம். பைபாஸ்ல காலி ரோட்டுல லாரி போற வேகம்னு வச்சுக்கங்க. நம்ம பிசில நாள் பூரா நடக்குறது அது இல்ல. விண்டோஸ் ஆன் ஆகுறது, குரோம் தொறக்குறது, ஒரு சாஃப்ட்வேர் லோட் ஆகுறது எல்லாமே தெருவுல வீடு வீடா நின்னு பால் பாக்கெட் போடுற வேலை. இங்க ஒரு 4 கேபி, அங்க ஒரு 16 கேபி, எங்கயோ மூலைல இன்னொரு துண்டு. லாரி பைபாஸ்ல 120ல போகும்னா தெருவுக்குள்ள பால் பாக்கெட் சீக்கிரம் வந்துடுமா?

ஒரு கணக்கு போட்டுப் பாத்தா நல்லாவே புரியும். பழைய ஹார்ட் டிஸ்க் ரெக்கார்டு பிளேயர் மாதிரி, தட்டு சுத்தும், முள்ளு நகரும். நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா செகண்டுக்கு 120, அப்ப ஒரு சுத்துக்கு எட்டு மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. நமக்கு வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழ வர்றதுக்கு சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அது நாலு மில்லிசெகண்ட், அதுக்கு முன்னாடி முள்ளே அந்த வட்டத்துக்கு நகந்து போக ஒரு எட்டு ஒம்போது ஆயிடும். ஆக ஒரு துண்டு எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். செகண்டுக்கு எம்பது துண்டு தான் எடுக்க முடியும், ஒவ்வொண்ணும் 4 கேபின்னா மொத்தம் 320 கேபி. எம்பி இல்லங்க, கேபி! அதனால தான் பழைய கம்ப்யூட்டர ஆன் பண்ணிட்டு போயி காபி போட்டு எடுத்துட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

எஸ்எஸ்டில சுத்துறதுக்கும் நகர்றதுக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாம் சிப்பு. ஒரு துண்டு எடுக்க சுமாரா 0.1 மில்லிசெகண்ட். அப்ப செகண்டுக்கு பத்தாயிரம் துண்டு, அதாவது 40 எம்பி. 0.3லேந்து 40க்கு ஒரே தாவல், நூறு மடங்குக்கும் மேல. இது சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா, என்விஎம்இன்னா என்னன்னு கீழ சொல்றேன்). நல்ல ஒசந்த என்விஎம்இ எடுத்தா இதே பால் பாக்கெட் வேலைல 80, 90 எம்பி பக்கம் வரும். பாத்தீங்களா, பெட்டில 560க்கும் 14000க்கும் இருவத்தஞ்சு மடங்கு வித்தியாசம், தெருவுக்குள்ள வந்தா ரெண்டு மடங்கு தான். ஹார்ட் டிஸ்க்ல இருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் உயிர் வந்த மாதிரி இருக்கும், ஒரு எஸ்எஸ்டில இருந்து இன்னொரு எஸ்எஸ்டிக்கு மாறினா பல பேருக்கு வித்தியாசமே தெரியாது. இத மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்த படிங்க.

சரி, டைப்பு டைப்புங்கறாங்களே அது என்ன? இங்க தான் எல்லாரும் கொழம்புறது, ஏன்னா மூணு தனித்தனி விஷயத்த ஒரே வார்த்தைல போட்டு அடிக்கிறாங்க. ஒண்ணு அதோட உருவம், ரெண்டாவது அது எந்த ரோட்டுல போகுது, மூணாவது அது ப்ராசஸர் கூட எந்த பாஷைல பேசுது.

உருவம்னா ரெண்டு தான் நமக்கு முக்கியம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் சைஸ்ல தட்டையா டப்பா மாதிரி இருக்குறது 2.5 இன்ச், அதுக்கு ஒரு டேட்டா கேபிளும் ஒரு பவர் கேபிளும் வேணும். இன்னொண்ணு சூயிங்கம் பட்டை மாதிரி நீளமா இருக்குற எம்.2, அது நேரா மதர்போர்டுலயே படுத்துக்கும், கேபிளே கிடையாது. 2280னு போட்டிருப்பாங்க, 22 மில்லிமீட்டர் அகலம் 80 மில்லிமீட்டர் நீளம்னு அர்த்தம், டெஸ்க்டாப்புக்கு இத வாங்குனா போதும்.

ரோடுன்னா சாட்டா இல்லன்னா பிசிஐஇ. சாட்டா ஹார்ட் டிஸ்க்குக்காக போட்ட ரோடு, இப்ப இருக்குற மூணாவது தலைமுறை 2009ல வந்தது, 6 ஜிகாபிட். அதுல பத்து பிட்டு அனுப்புனா எட்டு தான் நம்ம டேட்டா, கணக்கு பண்ணா 600 எம்பி, கைக்கு வர்றது 550, 560. அதனால தான் எந்த கம்பெனி சாட்டா எஸ்எஸ்டி எடுத்தாலும் அதே 550, 560ன்னே போட்டிருக்கும், அவங்களுக்குள்ள பேசி வச்சுக்கிட்டதில்ல, ரோடே அவ்ளோதான். பிசிஐஇங்கறது கிராபிக்ஸ் கார்டு போற ரோடு, எம்.2 டிரைவுக்கு அதுல நாலு லேன் குடுப்பாங்க. ஒவ்வொரு தலைமுறைக்கும், அதத்தான் சுருக்கமா ஜென்னுங்கறாங்க, வேகம் ரெண்டு மடங்காகும். ஜென் 3ல 3500 பக்கம், ஜென் 4ல 7000 சொச்சம், ஜென் 5ல 10000லேந்து 14000 சொச்சம் வரைக்கும்.

பாஷைன்னா, சாட்டா பேசுறது ஏஹெச்சிஐ, அதுல ஒரே ஒரு க்யூ, க்யூல 32 பேர் தான் நிக்கலாம். முள்ளு வச்ச ஹார்ட் டிஸ்க்குக்கு அதுவே ஜாஸ்தி. 2011ல வந்த என்விஎம்இ எஸ்எஸ்டிக்காகவே எழுதுன பாஷை, அதுல 64 ஆயிரம் க்யூ வரைக்கும் போடலாம். ரேஷன் கடைல ஒரே வரிசைல நிக்கிறதுக்கும் ஆளுக்கு ஒரு கவுண்டர் தொறந்து வச்சிருக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வச்சுக்கங்க, ஆனா உங்க வீட்டுல இருந்து போறது நீங்க ஒருத்தர் தான்னா எத்தனை கவுண்டர் இருந்து என்ன, அதையும் யோசிச்சுக்கங்க.

இப்ப வில்லங்கத்துக்கு வர்றேன். எம்.2ங்கறது வெறும் உருவம். எம்.2 உருவத்துல சாட்டா டிரைவும் இருக்கு! நான் இதுல அடி வாங்குனவன். சில வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு பிசி சேத்துக் குடுத்தப்ப எம்.2ன்னு போட்டிருக்கு, விலையும் கம்மியா இருக்குன்னு வாங்கிட்டேன், போர்டுலயும் எம்.2 ஸ்லாட் இருக்கு, அழகா உள்ள போச்சு, ஸ்க்ரூவும் போட்டாச்சு, ஆன் பண்ணா பயாஸ்ல, அதாவது விண்டோஸுக்கு முன்னாடி வர்ற போர்டோட செட்டிங்ஸ்ல, டிரைவே இல்ல. கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி, ரேம மாத்தி, பயாஸ் அப்டேட் பண்ணி, ஒரு சாயங்காலமே போச்சு. ராத்திரி தான் போர்டு மேனுவல ஒழுங்கா படிச்சேன், அந்த ஸ்லாட் பிசிஐஇ மட்டும் தான், சாட்டா டிரைவ ஏத்துக்காதுன்னு ஒரு வரில போட்டிருந்துச்சு. பட்டையோட முனைல தங்கக் கலர் பல்லு இருக்கும்ல, அதுல ஒரு வெட்டு இருந்தா பொதுவா என்விஎம்இ, ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா. இதையும் முழுசா நம்பாதீங்க, பெட்டில என்விஎம்இன்னு எழுதியிருக்கான்னு பாத்துக்கங்க.

அதனால எஸ்எஸ்டி தேடுறதுக்கு முன்னாடி உங்க மதர்போர்டு மேனுவல எறக்கி எம்.2ன்னு தேடுங்க. அஞ்சு நிமிஷ வேலை. எந்த ஸ்லாட் எந்த ஜென், சாட்டா எடுக்குமா எடுக்காதா, அதுல டிரைவ் போட்டா எந்த சாட்டா போர்ட்டு ஆஃப் ஆகும்னு எல்லாம் அங்க இருக்கும். நம்ம பையன் லிஸ்ட்ல வச்சிருந்தது இன்டெல் ஐ5 12400எஃப் ப்ராசஸர், அதுக்கு ஹெச்610 போர்டு. பட்ஜெட் பிசின்னா நம்ம ஊர்ல நெறைய பேரு இத போடுறாங்க, தப்பில்ல. ஆனா ஹெச்610ல ப்ராசஸர்ல இருந்து எம்.2க்கு நேரா வர்ற ஜென் 4 லேன் கிடையாது, பெரும்பாலான போர்டுல எம்.2 ஸ்லாட் ஜென் 3 தான். அவன் 7300 வாங்கிப் போட்டாலும் 3500 பக்கம் தான் ஓடும், 14000 வாங்கிப் போட்டாலும் அதே 3500. டிரைவ் கெட்டுப் போகாது, பழைய ஸ்லாட்டுல புது டிரைவ் நல்லாவே வேலை செய்யும், ஸ்லாட் வேகத்துக்கு எறங்கி வந்துடும், அவ்ளோதான். ஏஎம்டி பக்கம் ஏ520 போர்டும் ஜென் 3. பி550ல மொத ஸ்லாட் ஜென் 4, ஆனா அதுல 5600ஜி ப்ராசஸர் போட்டீங்கன்னா மறுபடி ஜென் 3, ஏன்னா அந்த சிப்புக்குள்ளயே ஜென் 4 இல்ல. கிராபிக்ஸ் கார்டு வாங்க காசில்லாம, உள்ளயே கிராபிக்ஸ் இருக்குற 5600ஜி எடுத்துட்டு எஸ்எஸ்டி மட்டும் ஜென் 4ல ஒசத்தியா வாங்குனவங்கள நான் பாத்திருக்கேன். பி760, பி650 போர்டெல்லாம் ஜென் 4க்கு கவலையில்லாம இருக்கலாம்.

சரி, ஸ்லாட் ஜென் 4 இருக்கு, அப்ப ஜென் 4 வாங்கணுமா? விலை ஒண்ணா இருந்தா வாங்குங்க, இப்ப பல நேரம் ஜென் 3ம் ஜென் 4ம் கிட்டத்தட்ட ஒரே விலைக்கு கெடைக்குது. ஆனா கேம் லோட் ஆகுறதுல அரை செகண்ட் ஒரு செகண்ட் வித்தியாசத்துக்காக தனியா காசு ஒதுக்க வேணாம். பெரிய ஃபைல் காப்பி பண்றவங்களுக்குத் தான் அந்த பைபாஸ் வேகம் கைக்கு வரும், அதுவும் ரெண்டு பக்கமும் வேகமான டிரைவா இருந்தா தான். பழைய ஹார்ட் டிஸ்க்ல இருந்து ஜென் 5க்கு காப்பி பண்ணா ஹார்ட் டிஸ்க் குடுக்குற 150, 180 தான் வரும், குழாய்ல தண்ணி சொட்டுறப்ப கீழ அண்டாவ வச்சா என்ன குடத்த வச்சா என்ன. ஜென் 5 யாருக்குன்னா, பெரிய பெரிய வீடியோ ஃபைல வச்சு தொழில் பண்றவங்களுக்கு, அவங்களுக்கே பாதி நேரம் ஜென் 4 போதும். ப்ளேஸ்டேஷன் 5க்குள்ள போடத்தான் வாங்குறீங்கன்னா மட்டும் கண்டிப்பா ஜென் 4 வேணும், செகண்டுக்கு 5500 எம்பியாவது படிக்கணும்னு சோனியே சொல்லுது.

பெட்டில பெருசா போடாம விட்ட விஷயம் ஒண்ணு இருக்கு, எனக்கு அது தான் ஜென்ன விட முக்கியம். உள்ள இருக்குற சிப்பு டிஎல்சியா க்யூஎல்சியா?

நாண்ட் ஃப்ளாஷ்னு சொல்ற இந்த மெமரிய தோஷிபால வேலை பாத்த ஃபூஜியோ மசுவோக்கா 1987ல வெளிய சொன்னாரு. உள்ள கோடிக்கணக்குல குட்டி குட்டி செல்லு, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கொஞ்சம் எலக்ட்ரான அடைச்சு வைக்கிறது தான் டேட்டா. ஒவ்வொரு செல்லும் ஒரு டம்ளர்னு வச்சுக்கங்க. டம்ளர்ல தண்ணி இருக்கு, இல்ல, ரெண்டே நிலைன்னா ஒரு பிட்டு, அது எஸ்எல்சி. ராத்திரி கரண்ட் இல்லாதப்ப கூட தடவிப் பாத்து சொல்லிடலாம். அதே டம்ளர்ல நாலு கோடு போட்டா ரெண்டு பிட்டு, அது எம்எல்சி. எட்டு கோடுன்னா மூணு பிட்டு, டிஎல்சி. பதினாறு கோடு போட்டு எந்தக் கோடு வரைக்கும் தண்ணி நிக்குதுன்னு பாத்து சொல்லுன்னா அது நாலு பிட்டு, க்யூஎல்சி. டம்ளர் அதே டம்ளர் தான், அதுல அடைக்கிறது ஜாஸ்தி ஆக ஆக விலை எறங்கும். ஆனா பதினாறாவது கோட்டுக்கும் பதினஞ்சாவது கோட்டுக்கும் நடுவுல இடைவெளி எவ்ளோ இருக்கும்? சரியா அந்தக் கோட்டுல நிக்கிற மாதிரி ஊத்தணும், கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அளந்து அளந்து பாக்கணும், அதனால எழுதுறது மெதுவா நடக்கும். ஊத்தி ஊத்தி கவுத்து கவுத்து டம்ளர் கொஞ்சம் கசிய ஆரம்பிச்சாலும் கோடு மாறிடும், அதனால ஆயுசும் கம்மி. டிஎல்சி செல்லு ஆயிரம் தடவைக்கு மேல அழிச்சு எழுதத் தாங்கும், க்யூஎல்சி சில நூறுல ஆரம்பிச்சு ஆயிரத்துக்குள்ள நின்னுடும்.

அப்ப க்யூஎல்சி டிரைவ் பெட்டில மட்டும் எப்படி 3500, 5000னு எழுதுறாங்கன்னு கேப்பீங்க. அங்க ஒரு திண்ணை இருக்கு. லாரில மூட்டை வந்து எறங்குதுன்னா மொதல்ல எல்லாத்தயும் திண்ணைல பொத்து பொத்துன்னு போட்டுட்டு லாரிய அனுப்பிடுவோம், அப்பறம் சாவகாசமா ஒவ்வொண்ணா உள்ள கொண்டு போயி அடுக்குவோம்ல, அதே தான். டிரைவ்ல காலியா இருக்குற செல்லுல ஒரு பகுதிய எஸ்எல்சி மாதிரி ஒரு பிட்டு மட்டும் வச்சு படக்குனு எழுதிக்கும், நீங்க சும்மா இருக்குறப்ப அத எடுத்து மூணு பிட்டு நாலு பிட்டா உள்ள அடுக்கும். எஸ்எல்சி கேஷ்னு பேரு. டிஎல்சிலயும் இது உண்டு. திண்ணைல இடம் இருக்குற வரைக்கும் ரெண்டும் ஒண்ணு தான், திண்ணை நெறஞ்சு போச்சுன்னா லாரி வாசல்லயே நிக்கும், ஒரு மூட்டை உள்ள போனா தான் இன்னொரு மூட்டை எறங்கும். அப்பத்தான் டிஎல்சி எது க்யூஎல்சி எதுன்னு தெரியும்.

என் பிசில ரெண்டாவது டிரைவா மலிவா ஒரு க்யூஎல்சி வாங்கிப் போட்டேன், எந்த கம்பெனின்னு வேணாம், எல்லாரும் இத விக்கிறாங்க. ஒரு கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வந்த ஃபுட்டேஜ் 300 ஜிபி, மொத டிரைவ்ல இருந்து இதுக்கு மாத்துனேன். காப்பி ஆகுறப்ப விண்டோஸ் காட்டுற பச்சைக் கலர் கிராஃப் செகண்டுக்கு 2000 எம்பின்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு ஓடுச்சு, அர நிமிஷத்துக்கு கொஞ்சம் மேல ஆகுறதுக்குள்ள 70 ஜிபி முடிஞ்சுது, பரவால்லயே காசுக்கு மேல வேலை செய்யுதேன்னு நெனச்சேன். அடுத்த நிமிஷம் கிராஃப் கெணத்துல விழுந்த மாதிரி கீழ போச்சு, 90 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே 150 குடுக்கும்! மிச்சம் 230 ஜிபி போயி சேர முக்கா மணி நேரம். இன்னொரு கூத்து, காலி செல்லு தான் திண்ணை ஆகுதுங்கறதால டிரைவ் நெறைய நெறைய திண்ணையும் சுருங்கும், காலியா இருக்குறப்ப நூறு ஜிபிக்கு மேல இருந்தது முக்காவாசி ரொம்புனதுக்கப்பறம் பத்து பதினஞ்சு ஜிபி ஆயிடுற டிரைவெல்லாம் இருக்கு.

அதுக்காக க்யூஎல்சி குப்பைன்னு சொல்லல. கேம் இன்ஸ்டால் பண்ணி வச்சுட்டு வெறுமனே படிக்கிறது தான் வேலைன்னா ஒரு கஷ்டமும் தெரியாது, எழுதுறப்ப தானே அழும். ஆனா வீட்டுல ஒரே டிரைவ், அதுல தான் விண்டோஸும் மத்ததும்னா டிஎல்சி வாங்குங்க, விலை வித்தியாசம் ஒரு பிரியாணி ரெண்டு பிரியாணி தான் வரும். பெட்டில 3டி நாண்ட்னு போட்டிருந்தா அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, அது ரெண்டுக்கும் பொது. கம்பெனி சைட்ல டேட்டாஷீட் இருந்தா பாருங்க, அதுலயும் சொல்லலன்னா டிபிடபிள்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், வாரண்டி காலத்துல எத்தனை டிபி வரைக்கும் எழுதலாம்னு. 1 டிபி டிரைவ்ல 600 இருந்தா பெரும்பாலும் டிஎல்சி, 200 சொச்சம்னா க்யூஎல்சின்னு சந்தேகப்படலாம். குறிப்பு தான், சத்தியம் இல்ல. 2021ல பெரிய பெரிய கம்பெனிகளே மாடல் பேர மாத்தாம உள்ள இருக்குற சிப்ப மட்டும் மாத்தி மாட்டிக்கிட்ட கதையெல்லாம் உண்டு, அதனால ரெண்டு வருஷம் முன்னாடி வந்த ரிவ்யூவ பாத்து இன்னிக்கு வாங்காதீங்க.

அந்த டிபிடபிள்யூவ பாத்து பயப்படவும் வேணாம். தினம் 50 ஜிபி எழுதுறீங்கன்னே வச்சுப்போம், சாதாரண ஆளு அவ்ளோ எழுத மாட்டான், வருஷத்துக்கு 18 டிபி ஆகும், 600ஐ தொட 33 வருஷம். 200 இருந்தா கூட 11 வருஷம். அதுக்குள்ள அந்த பிசி பரண்ல இருக்கும்.

டிரேம் இருக்கா இல்லயான்னு அடுத்த சண்டை. எந்த ஃபைலோட எந்தத் துண்டு எந்த செல்லுல இருக்குன்னு டிரைவ் ஒரு பேரேடு வச்சிருக்கணும், 1 டிபிக்கு அந்தப் பேரேடே சுமார் 1 ஜிபி வரும். நல்ல டிரைவ்ல அத வச்சுக்க தனியா ஒரு ரேம் சிப்பு குடுத்திருப்பாங்க, அது தான் டிரேம். மலிவு டிரைவ்ல அது இருக்காது, பேரேட்டயும் அந்த மெதுவான ஃப்ளாஷ்லயே வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் உள்ள போயி பாத்துட்டு வரணும். என்விஎம்இல இதுக்கு ஒரு வழி பண்ணிட்டாங்க, நம்ம பிசியோட ரேம்லயே கொஞ்சூண்டு, பொதுவா ஒரு 64 எம்பி அளவுக்கு, கடன் வாங்கி அடிக்கடி பாக்குற பக்கத்த மட்டும் அங்க வச்சுக்கும், ஹெச்எம்பின்னு பேரு. வீட்டு உபயோகத்துக்கு அதுவே தாராளம். சாட்டால இந்த வசதி கெடையாது. அதனால என் கணக்கு ரொம்ப சிம்பிள், என்விஎம்இன்னா டிரேம் இல்லாட்டியும் பரவால்ல, சாட்டா வாங்குனா டிரேம் இருக்குறதா பாத்து வாங்கணும். டிரேம் இல்லாத க்யூஎல்சி சாட்டான்னு ஒரு ஜாதி இருக்கு, கடைக்காரர் சும்மா குடுத்தா கூட யோசிங்க.

அப்ப சாட்டா எதுக்குத் தான்? எம்.2 ஸ்லாட் இல்லாத பழைய மிஷினுக்கு. நம்ம பையன் வீட்டுல சித்தப்பாவோட பழைய லேப்டாப் ஒண்ணு ஹார்ட் டிஸ்க்கோட முக்கி முனகிட்டு கெடக்கு, அந்த 560 போட்ட 2.5 இன்ச்ச அதுல மாட்டுடா, அவரு பழைய லேப்டாப்புன்னே நம்ப மாட்டாருன்னு சொன்னேன். புது போர்டுல எம்.2 இருக்குறப்ப மெயின் டிரைவா சாட்டா வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியல, விலையும் பெருசா கொறைஞ்சு இல்ல.

சைஸு பத்தி ரொம்ப பேச ஒண்ணுமில்ல, 1 டிபி வாங்குங்க. இன்னிக்கு ஒரு பெரிய கேம் 100 ஜிபிக்கு மேல போகுது, 250 ஜிபி டிரைவ்ல விண்டோஸும் ரெண்டு கேமும் போட்டா மூச்சு முட்டும். சின்ன டிரைவ்ல சிப்பும் கம்மி, ஒரே நேரத்துல கொஞ்சம் சிப்புல தான் எழுத முடியும், அதனால ஒரே மாடல்ல கூட 250, 500 ஜிபி டிரைவ் பெருச விட மெதுவா எழுதும். இப்ப 500 வாங்கிட்டு அப்பறம் இன்னொரு 500 சேத்துக்கலாம்னு நெனச்சா ஹெச்610 போர்டு பலதுல எம்.2 ஸ்லாட்டே ஒண்ணு தான். எப்பவும் ஒரு பதினஞ்சு இருவது சதவீதம் காலியா விட்டு வைங்க, மேல சொன்ன திண்ணைக்கு.

சூடு ஒரு விஷயம். ஜென் 3 டிரைவுக்கு ஹீட்சிங்க், அதாவது சூட்ட இழுக்குற உலோகத் தகடு, இல்லாட்டியும் ஓடும், ஜென் 4க்கு இருந்தா நல்லது, ஜென் 5க்கு கட்டாயம். சூடு ஏறுனா டிரைவே தன்னைக் காப்பாத்திக்க வேகத்தக் கொறச்சுக்கும், மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல நம்ம ஊர் வெயிலுக்கு அது சீக்கிரமே நடக்கும். போர்டு கூடவே ஹீட்சிங்க் தகடு வந்தா அதுக்கடில சாம்பல் கலர்ல மெத்து மெத்துன்னு ஒரு பேடு ஒட்டியிருக்கும், அது மேல கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாளு இருக்கும், அத உரிச்சுட்டு தான் மாட்டணும். உரிக்காம மாட்டிட்டு சுடுதுன்னு சொல்றவங்க நெறைய பேரு.

வாங்குறது ரிச்சி ஸ்ட்ரீட்டோ ஆன்லைனோ, ஜிஎஸ்டி பில்லு வாங்கிக்கங்க, வாரண்டி மூணு வருஷமா அஞ்சு வருஷமான்னு பாத்துக்கங்க. இந்தியால சர்வீஸ் குடுக்குற கம்பெனியான்னும் கேட்டுக்கங்க. விலைய நான் இங்க எழுதல, மெமரி சிப்பு விலை தக்காளி விலை மாதிரி, இன்னிக்கு எழுதுனா அடுத்த மாசம் என்னைத் திட்டுவீங்க. ஆயிரம் ரூவாக்கு 16 டிபி எஸ்எஸ்டின்னு விளம்பரம் வந்தா அது மொத்தமும் டுபாக்கூர், உள்ள ஒரு மெமரி கார்ட ஒட்டி வச்சிருப்பான், கொஞ்சம் எழுதுனதும் பழசு மேலயே எழுத ஆரம்பிச்சுடும். கைக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் போட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு, எவ்ளோ எழுதியிருக்குன்னு பாருங்க, புதுசுன்னா ரெண்டும் கிட்டத்தட்ட சைபர் இருக்கணும். எத்தனை நூறு மணி நேரம் ஓடுன டிரைவ சீல் ஒட்டி புதுசுன்னு குடுத்தாலும் அது பெரும்பாலும் காட்டிக் குடுத்துடும்.

ஒரு எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்க் சாகுறதுக்கு முன்னாடி பெரும்பாலும் டக்கு டக்குன்னு சத்தம் போட்டு சொல்லும், எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாம கொள்ளாம போயிடும். அதனால வீட்டு ஃபோட்டோவெல்லாம் இன்னொரு இடத்துலயும் இருக்கட்டும். அதுக்காக எஸ்எஸ்டில காப்பி பண்ணி வருஷக்கணக்கா பீரோல பூட்டி வைக்காதீங்க, கரண்ட் இல்லாம கெடந்தா அந்த டம்ளர் தண்ணி மெல்ல மெல்ல கசியும். பூட்டி வைக்க ஹார்ட் டிஸ்க் தான் இன்னும் சரி.

கடைசில பையன் வாங்குனது 1 டிபி, டிஎல்சி, டிரேம் இல்லாத ஜென் 4 என்விஎம்இ, பெட்டில 5000னு போட்டிருந்துச்சு, ஜென் 3 விலைக்கே கெடச்சுது. அவன் போர்டுல 3500 தான் ஓடும், நாளைக்கு போர்டு மாத்துனா மிச்சத்தயும் ஓட்டிக்கலாம். 14000க்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்துல கிராபிக்ஸ் கார்டுல கை வைக்காம தப்பிச்சான், ரேமும் 8ல இருந்து 16 ஆச்சு.

ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல தான் மாட்டுனோம். எம்.2ஐ படுக்க வச்சு தள்ளக் கூடாது, கொஞ்சம் சாய்ச்சு மேல தூக்குன மாதிரி சொருகுனா உள்ள போயி மறுமுனை தானா தூக்கிக்கிட்டு நிக்கும், அத விரலால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு ஸ்க்ரூ போடணும். ஸ்க்ரூ கடுகு சைஸ்ல தான் இருக்கும், போர்டு பெட்டிக்குள்ள தனியா ஒரு குட்டி கவர்ல வரும், தூக்கிப் போட்டுடாதீங்க. அவன் ஒரு தடவை கேபினட்டுக்குள்ள விட்டுட்டு, மொத்தத்தயும் கவுத்து ஆட்டித்தான் எடுத்தான்.

ராத்திரி பதினோரு மணிக்கு மறுபடி போன். "அண்ணே, விண்டோஸ் போட்டாச்சு, பறக்குது. ஆனா 931 ஜிபி தான் காட்டுது. 69 ஜிபி எங்கண்ணே போச்சு, ஏமாத்திட்டானா?"

இல்லடா, கம்பெனி ஆயிரம் ஆயிரமா எண்ணி ஒரு லட்சம் கோடி பைட்ட 1 டிபிங்கறான், விண்டோஸ் அதையே 1024ஆல மூணு தடவை வகுத்து ஜிபிங்குது. வகுத்துப் பாரு, 931 வரும். போன்ல கால்குலேட்டர் தட்டுற சத்தம் கேட்டுச்சு.

"ஆமாண்ணே, 931.32."